பனிச்சறுக்கு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிப்பது எப்படி?

பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் தமிழர்கள் பலரிடம், ஊதியத்தோடு சேர்த்து வழங்கப்பட்ட பங்குகளின் காரணமாகவோ தாமே விரும்பித் தொடங்கியதாலோ, அமெரிக்கப் பங்குச் சந்தைக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் தொழில்நுட்பப் பங்குகளே நிறைந்திருப்பதால், அவற்றோடு தொடர்பில்லாத வேறொரு தொழிலைத் தேடுவோருக்கு எதிர்ப்படும் பெயர்களுள் வெய்ல் ரிசார்ட்ஸ் ஒன்று. 1997 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் எம்டிஎன் என்ற குறியீட்டில் விற்கப்படும் இந்நிறுவனம், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று கண்டங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட பனிச்சறுக்குத் தலங்களை நடத்துகிறது. அதன் பங்கை வாங்கலாமா என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையில் விடை இல்லை. அத்தகைய நிறுவனத்தின் கணக்கை எந்த வரிசையில், எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்திராநகரில் சனிக்கிழமை மாலைகளில் ஆண்டறிக்கைகளைச் சேர்ந்து படிக்கும் எங்கள் சிறு வட்டத்தில், பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவர் உண்டு. இந்தத் தொழிலைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, "பனி பெய்யாவிட்டால் நட்டம் யாருக்கு?" என்று அவர் கேட்டார். கடன் கொடுத்துப் பழகியவருக்கு இயல்பாக எழும் கேள்வி அது. இந்தத் தொழிலின் அறிக்கையை அந்தக் கேள்வியோடு படிப்பதைவிடச் சிறந்த வழியை நான் இன்னும் காணவில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும்போது, மழை பொய்த்த ஆண்டில் உழவர் கணக்குப் பார்ப்பதைப் போல, இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதைத் தேடுங்கள்.

முதலில் அளவுகளை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டுகள் நான்குக்கு மேல் கொண்ட தலங்களைக் கணக்கிட்டால் உலகில் ஏறத்தாழ 2,000 உள்ளன. இத்தொழிலின் அடிப்படை அலகு 'வருகை' என்பதாகும். ஒருவர் ஒரு நாளில் ஒரு தலத்துக்கு வந்து, சிறிது நேரமே ஆனாலும் சறுக்கினால் அது ஒரு வருகை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 35 முதல் 40 கோடி வருகைகள் பதிவாகின்றன. அவற்றுள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நிகழ்பவை. அமெரிக்காவில் 2022-23 பருவத்தில் 6.54 கோடி வருகைகள் என்ற உச்சம் எட்டப்பட்டது. அடுத்த பருவத்தில், பனி குறைந்தபோது, அது 6.04 கோடியாக இறங்கியது. அதே அமெரிக்காவில் 1983இல் 735 தலங்கள் இருந்தன. இப்போது ஐந்நூறுக்கும் குறைவு. வருகை கூடியும் தலங்களின் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம், சிறியவை மடிந்து பெரியவை பெருத்ததுதான். எனவே ஓர் அறிக்கையில் வருகை எண்ணிக்கை கூடியிருப்பதைக் கண்டால், அது பழைய தலங்களுக்குக் கூடுதல் பேர் வந்ததாலா, புதிய தலங்களை விலைக்கு வாங்கியதாலா என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

செலவின் இயல்பு அடுத்தது. மலையில் லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டால், ஐந்நூறு பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் மின்சாரமும் பணியாளரும் பனியைச் சமன்படுத்தும் வண்டிகளும் காப்பீடும் பெரிதும் மாறுவதில்லை. அல்சூரிலோ மல்லேஸ்வரத்திலோ கல்யாணச் சத்திரம் நடத்துபவரைக் கேட்டால் இந்தக் கணக்கு உடனே விளங்கும்: ஆண்டின் வருவாய் முழுவதும் முகூர்த்த நாள்களில் வர வேண்டும், ஆடியிலும் மார்கழியிலும் கட்டடம் சும்மா நிற்கும், வாட்சுமேன் சம்பளமும் சொத்து வரியும் நிற்கா. பனிச்சறுக்குத் தலத்தின் முகூர்த்த நாள்கள் கிறிஸ்துமஸ் வாரம், அமெரிக்காவில் பிப்ரவரி நடுவில் வரும் அதிபர் தின வார இறுதி, ஐரோப்பாவில் பிப்ரவரிப் பள்ளி விடுமுறை ஆகியவை. நிதியாண்டை ஜூலை 31இல் முடிக்கும் வெய்ல் நிறுவனம் ஆகஸ்ட்-அக்டோபர், மே-ஜூலை ஆகிய இரு காலாண்டுகளிலும் நட்டமே காட்டும். அதைக் கண்டு திடுக்கிட வேண்டியதில்லை. அந்தக் காலாண்டுகளில் நட்டம் எவ்வளவு என்பதே மலை சும்மா நிற்கும்போது ஆகும் செலவைக் காட்டும் அளவுகோல்.

முன்பணம்: அறிக்கையின் மையம்

இருப்புநிலைக் குறிப்பில், கடன்களின் பக்கத்தில், 'முன்னதாகப் பெற்று இன்னும் ஈட்டாத வருவாய்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இத்தொழிலைப் புரிந்துகொள்ள ஒரே வரிதான் படிக்க முடியும் என்றால் நான் அதையே படிப்பேன்.

2008 வரை, பருவம் முழுவதற்குமான சீட்டு என்பது மலையடிவாரத்தில் வாழ்பவர்களும் தீவிர ஆர்வலர்களும் வாங்கும் பொருளாகவே பெரும்பாலும் இருந்தது. அவ்வாண்டில் வெய்ல் நிறுவனம், ராப் காட்ஸ் தலைமையில், தன் தலங்கள் அனைத்துக்கும் பொதுவாக எபிக் பாஸ் என்ற சீட்டை 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. விலையைக் குறைத்ததற்கு ஈடாக நிபந்தனை ஒன்றை வைத்தது: பருவம் தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும், பின்னர் விற்கப்படாது. வானிலை எப்படியிருக்கும் என்று எவருக்கும் தெரியாத வசந்த காலத்திலும் கோடையிலும் வாடிக்கையாளர் பணத்தைக் கட்டிவிடுகிறார். டிசம்பரில் பனி பொய்த்தால் அவர் வராமல் போவார், பணம் நிறுவனத்திடமே இருக்கும். மூத்தவரின் கேள்விக்கு இத்தொழில் கண்டுபிடித்த முதல் விடை இது. நட்டத்தின் பெரும்பகுதி, நிறுவனத்திடமிருந்து சறுக்க வருபவரின் தோளுக்கு மாற்றப்பட்டது. இப்போது வெய்லின் லிஃப்ட் வருவாயில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இத்தகைய முன்விற்பனைச் சீட்டுகளிலிருந்தே வருகிறது.

இதற்குத் துணையாக நிற்பதே அன்றாடச் சீட்டின் விலை. 2024-25 பருவத்தின் நெரிசல் நாள்களில் வெய்ல் மலையின் ஒரு நாள் சீட்டு 329 டாலரை எட்டியது. இந்திய ரூபாயில் பெருக்கிப் பார்த்துத் தலையில் கை வைக்கும் நண்பர்களிடம் நான் சொல்வது, அந்த விலையில் பெருங்கூட்டம் வாங்க வேண்டும் என்று நிறுவனமே எதிர்பார்க்கவில்லை என்பதுதான். மூன்று நாள் சறுக்க நினைப்பவரை, 'இதைவிட ஆண்டுச் சீட்டே மேல்' என்று செப்டம்பரிலேயே முடிவெடுக்க வைப்பதற்கான விலை அது. 2025-26 பருவத்துக்கு எபிக் பாஸ் 1,051 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது, நான்கு நாள் சறுக்கினாலே அதன் விலை ஈடாகிவிடும் என்ற கணக்கு வாடிக்கையாளர் மனத்தில் தானாகவே ஓடும்.

இந்த ஏற்பாடு உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதிக்க இரண்டு பருவங்களின் அறிக்கைகளை எடுத்துப் படியுங்கள். 2023-24இல் வெய்ல் தலங்களின் வருகை கணிசமாகக் குறைந்தது. லிஃப்ட் வருவாயோ சற்றே கூடியது. முன்பணத்தின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மற்றொன்று 2019-20. கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 15 முதல் வட அமெரிக்கத் தலங்கள் அனைத்தும் மூடப்பட்டபோது, பணத்தைத் திருப்பித் தரும் கட்டாயம் சீட்டின் விதிகளில் இல்லை. ஆயினும் வாடிக்கையாளர்களின் சினத்துக்கு அஞ்சி, அடுத்த பருவச் சீட்டில் கழித்துக்கொள்ளும் சலுகையை நிறுவனம் அறிவித்து, ஏறத்தாழ 12 கோடி டாலர் வருவாயை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. ஆக, வாடிக்கையாளர் தோளுக்கு மாற்றிய சுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் அடுத்த ஆண்டு அவர் சீட்டே வாங்க மாட்டார் என்பதை நிறுவனம் அறிந்திருந்தது.

படிக்கும் முறை இது: சீட்டுகளின் எண்ணிக்கை எத்தனை விழுக்காடு மாறியது, சீட்டு விற்பனைத் தொகை எத்தனை விழுக்காடு மாறியது என்று நிறுவனம் தனித்தனியே வெளியிடும் இரு எண்களை அருகருகே எழுதுங்கள். தொகை கூடி எண்ணிக்கை குறைந்தால், விலையேற்றம் ஆள் குறைவை மறைக்கிறது என்று பொருள். ஓர் ஆண்டு அப்படி இருப்பது பிழையன்று. தொடர்ந்து அப்படி இருந்தால், அந்த மலைக்கு வரும் கூட்டம் புதுப்பிக்கப்படாமல் மூப்படைகிறது என்று நான் கொள்வேன். விலையைத் திரும்பக் குறைப்பதும் எளிதன்று: 2021இல் வெய்ல் சீட்டு விலையை 20 விழுக்காடு குறைத்தபோது விற்பனை பெருகியது, அதனோடு லிஃப்டின் அடியில் நிற்கும் வரிசையும் அது குறித்த குறைகளும் பெருகின.

போட்டியாளரான ஐகான் பாஸை 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆல்டெரா நிறுவனம் தனியாருக்குச் சொந்தமானது; அதன் கணக்கு பொதுவெளியில் வருவதில்லை. அதனால் ஒப்பீட்டுக்கு ஐரோப்பாவை நோக்க வேண்டியிருக்கிறது.

மலை யாருடையது?

நிலத்தைப் பற்றிய குறிப்பைப் பலர் புரட்டிவிட்டுச் செல்கிறார்கள். பெங்களூரில் வீட்டுமனைப் பத்திரத்தை மூன்று வழக்கறிஞர்களிடம் காட்டிச் சரிபார்ப்பவர்கள்கூட இதில் அசட்டையாக இருப்பது எனக்கு வியப்பாகவே உள்ளது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெரும்பாலான சறுக்குச் சரிவுகள் கூட்டரசின் வனத்துறைக்குச் சொந்தமானவை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனங்கள் 40 ஆண்டு வரையிலான அனுமதி பெற்று அங்கே தொழில் நடத்துகின்றன. கட்டணம் வருவாயின் அளவுக்கேற்ப 1.5 முதல் 4 விழுக்காடு வரை. வருவாய் குறைந்தால் கட்டணமும் குறைவதால், மோசமான பருவத்தின் நட்டத்தில் அரசும் சிறு பங்கை ஏற்கிறது. நிலம் தனியாருடையதாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்து மிகுதி.

யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் நடந்தது இதற்குப் பாடம். அங்கே பவுடர் என்ற நிறுவனம் மலைச்சரிவின் பெரும்பகுதியை டாலிஸ்கர் என்ற நிறுவனத்திடமிருந்து மிகக் குறைந்த வாடகைக்கு நெடுங்காலக் குத்தகையாக அனுபவித்து வந்தது. 2011இல் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதம் கெடு முடிந்த பின்னரே போய்ச் சேர்ந்தது. வழக்கு நீண்டது, இதற்கிடையே டாலிஸ்கரின் அண்டை மலையை நடத்தும் உரிமையை வெய்ல் பெற்று, வழக்கிலும் நுழைந்தது. அடிவாரத்து நிலமும் வாகன நிறுத்துமிடமும் பவுடரிடம் இருந்தன, சரிவுகளோ எதிர்த்தரப்பிடம். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை என்ற நிலையில், 2014இல் பவுடர் தன் பகுதியை 18.25 கோடி டாலருக்கு வெய்லுக்கு விற்று வெளியேறியது. பனி பொய்க்கவில்லை, கூட்டமும் குறையவில்லை. தபால் ஒன்று தாமதமானதால் மலை கைமாறியது. ஆண்டறிக்கையில் 'சொத்துகள்' என்ற பகுதியில் ஒவ்வொரு தலத்தின் அனுமதியும் குத்தகையும் எந்த ஆண்டில் முடிகின்றன என்று அட்டவணை இருந்தால், அதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள்.

பிரான்சில் இந்தச் செய்தி இன்னும் கூர்மையானது. 1985ஆம் ஆண்டு மலைச் சட்டத்தின் கீழ் லிஃப்ட் என்பது உள்ளாட்சியின் பொதுச் சேவை. நிறுவனம் அதைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்த முறையில் நடத்தித் தருகிறது. லா பிளாஞ், லேஸ் ஆர்க் முதலிய பெருந்தலங்களை நடத்தும் கொம்பாஞி தெஸ் ஆல்ப் பாரிஸ் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். அதன் ஆண்டு வருவாய் 2023-24இல் 120 கோடி யூரோவைத் தாண்டியது. ஆனால் அது லிஃப்டுகளை நடத்திவந்த தீன்யே என்ற ஊரின் ஊராட்சி, ஒப்பந்தம் முடியும்போது அதைப் புதுப்பிக்காமல் 2026 முதல் தன் பொறுப்பிலேயே பொது நிறுவனம் அமைத்து லிஃப்டுகளை நடத்தத் தீர்மானித்தது. கொம்பாஞி தெஸ் ஆல்ப், பார்க் ஆஸ்டெரிக்ஸ் போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் முதலீட்டைப் பெருக்கிவருவதை, இந்த ஒப்பந்தத் தேதிகளோடு சேர்த்துப் படித்தால் அதன் காரணம் தெளிவாகும்.

ஐரோப்பாவில் வேறொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் லிஃப்ட், பயிற்சிப் பள்ளி, வாடகைக் கடை, உணவகம், பல இடங்களில் விடுதி ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஆல்ப்ஸ் கிராமங்களில் விடுதி ஒரு குடும்பத்துடையது, பயிற்சிப் பள்ளி மற்றொருவருடையது, லிஃப்டில் ஊராட்சிக்கே பங்கு இருக்கும். லிஃப்ட் நட்டத்தில் ஓடினாலும் விடுதிகள் நிரம்பினால் ஊருக்கு இலாபம் என்பதால், அங்கே சீட்டு விலை அமெரிக்காவை விட வெகு குறைவாகவே இருந்துவருகிறது. சுவிட்சர்லாந்தின் ஸாஸ்-ஃபே 2016இல், 99,999 பேர் சேர்ந்தால் பருவச் சீட்டு 222 ஃபிராங்க் மட்டுமே என்று அறிவித்தது இந்தத் தர்க்கத்தின் உச்சம். இத்தகைய இடத்தில் லிஃப்ட் நிறுவனத்தின் இலாப-நட்டக் கணக்கை மட்டும் பார்த்து ஊரின் நலத்தை எடைபோட இயலாது. ஊரின் நலத்தைப் பார்த்துப் பங்கை எடைபோடுவது அதைவிடப் பெரிய தவறு.

பனியைச் செய்வதற்கான செலவு

செயற்கைப் பனி 1950ஐ ஒட்டி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியது. இன்று இத்தாலியில் சரிவுகளின் மிகப் பெரும்பகுதியும் ஆஸ்திரியாவில் ஏறத்தாழ 70 விழுக்காடும் அதை நம்பியுள்ளன. ஒரு கன மீட்டர் நீரிலிருந்து இரண்டு முதல் இரண்டரை கன மீட்டர் பனி கிடைக்கும். நீரை மலைமேல் ஏற்றும் மின்சாரமும், அந்நீரைத் தேக்கும் குளமும், குழாய்களும்தான் செலவு. ஆனால் வழக்கமான இயந்திரங்கள் இயங்க, ஈரப்பதத்தையும் கணக்கிலெடுத்த வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இரண்டு பாகை அளவுக்கேனும் இறங்க வேண்டும். பனிப்பொழிவு இல்லாத குளிரை அது ஈடுசெய்யும். குளிரே இல்லாத குளிர்காலத்தை ஈடுசெய்யாது. துபாயின் பேரங்காடிக்குள் 2005இல் திறக்கப்பட்ட ஸ்கி துபாயும், நம் ஜெயமகால் சாலையிலுள்ள ஸ்நோ சிட்டியும் வானிலையை முற்றாக விலக்கிவிட்டு மின்கட்டணத்தை ஏற்றுக்கொண்டவை.

ஆகவே தலங்களின் உயரத்தைப் பாருங்கள். 100 நாள்களுக்கேனும் 30 சென்டிமீட்டர் பனி நிற்க வேண்டும் என்பது ஆல்ப்ஸில் பழகிவந்த வரம்பு. அதை வைத்து 2007இல் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 666 ஆல்ப்ஸ் தலங்களை ஆராய்ந்தபோது, அன்றைய நிலையில் 609 தலங்கள் தேறின. வெப்பம் இரண்டு பாகை உயர்ந்தால் 404, நான்கு பாகை உயர்ந்தால் 202. ஐரோப்பாவின் 2,234 தலங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, இரண்டு பாகை உயர்வில் 53 விழுக்காட்டுத் தலங்கள் மிகக் கடுமையான பனிப் பற்றாக்குறை ஆபத்துக்கு உள்ளாகும் என்றும், சரிவுகளில் பாதிக்குச் செயற்கைப் பனி இருந்தால் அது 27 விழுக்காடாகக் குறையும் என்றும் கணித்தது. இதை ஆண்டறிக்கையோடு இணைக்கும் வழி மூலதனச் செலவைப் பார்ப்பதுதான். அது தேய்மானத்தை விடப் பல ஆண்டுகள் தொடர்ந்து மிகுந்திருந்தால், பழைய நிலையில் நிற்பதற்கே நிறுவனம் வேகமாக ஓட வேண்டியிருக்கிறதா என்று ஐயுற வேண்டும். லிஃப்ட் செய்யும் பெரு நிறுவனங்கள் உலகில் இரண்டே, ஆஸ்திரியாவின் டாப்பல்மையரும் லைட்னர், போமா ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட இத்தாலியக் குழுமமும் என்பதால், விலைபேச வாங்குபவருக்கு அதிக இடமும் இல்லை.

கடன் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1997இல் பங்கு வெளியிட்ட அமெரிக்கன் ஸ்கியிங் கம்பெனி, மலையடிவாரத்தில் விடுதி கட்டி விற்கும் ஆசையில் கடன் சுமந்து, கில்லிங்டன், ஸ்டீம்போட் முதலிய மலைகளை ஒவ்வொன்றாக விற்று 2007இல் கலைந்தது. சறுக்கும் தொழில் அதைக் கொல்லவில்லை, கட்டடத் தொழில் கொன்றது. வெய்லுக்கு 2020 டிசம்பரில் 57.5 கோடி டாலர் வட்டியே இல்லாத கடன்பத்திரங்கள் வழி கிடைத்தது. அவற்றின் முதிர்வு 2026 தொடக்கத்தில் நெருங்கியபோது, 2025இல் அது திரட்டிய கடனுக்கு வட்டி ஐந்து விழுக்காட்டுக்கு மேல். பனி அளவில் மாற்றமில்லாமலே இலாபம் குறைவதற்கு இது போதும். பணியாளர் செலவையும் இவ்விடத்திலேயே பார்த்துவிடுங்கள்: 2024 டிசம்பர் 27 அன்று பார்க் சிட்டியின் மீட்புக் காவலர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஆண்டின் மிகப் பெரிய வாரத்தில் சரிவுகளின் பெரும்பகுதி திறக்கப்படாமல் கிடந்தது. முன்பணம் கட்டியவர்கள் வரிசையில் நின்றார்கள்.

கற்றதைப் பழகிப் பார்க்கக் காஷ்மீரின் குல்மர்க் நல்ல இடம். போமா அமைத்த கோண்டோலா என்ற கேபிள் காரின் முதற்கட்டம் 1998இலும், அபர்வட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005இலும் இயங்கத் தொடங்கின. நடத்துவது ஜம்மு-காஷ்மீர் அரசின் கேபிள் கார் கழகம். 2024 சனவரியில் அங்கே பனியே இல்லாமல் புல்வெளி வெறிச்சோடியது, 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிக்குறைவால் தள்ளிவைக்கப்பட்டன. ஆயினும் கோண்டோலாவில் ஏறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் சறுக்க வருபவர்கள் அல்லர், கோடையிலும் மலையைப் பார்க்க வருபவர்கள். இதே வகையின் வளர்ந்த வடிவம் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் ரயில் நிறுவனம்: 3,454 மீட்டர் உயரத்து நிலையத்துக்கு 2023இலும் 2024இலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர், இந்தியர்களும் அவர்களுள் குறிப்பிடத்தக்க பங்கினர். அதன் அறிக்கை குளிர்கால விளையாட்டை உச்சிப் பயணத்திலிருந்து தனிப் பிரிவாகக் காட்டுவதால், பனியைச் சாராத வருவாய் எவ்வளவு என்பதைப் பிரித்தறியும் பயிற்சிக்கு அதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

வெய்லைப் பின்தொடர்பவர்கள் ஆண்டுக்கு நான்கு முறை நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் போதும். செப்டம்பர் இறுதியில் வரும் 10-கே படிவம் முழு அறிக்கை. நிலம், கடன், மூலதனச் செலவு ஆகியவற்றை அதில் படியுங்கள். டிசம்பர் தொடக்கத்து அறிவிப்பில் பருவச் சீட்டு விற்பனையின் இறுதி எண்ணிக்கையும் தொகையும் கிடைக்கும். மார்ச் அறிக்கை கிறிஸ்துமஸ் வாரத்தின் விளைவைக் காட்டும். ஜூனில் அடுத்த பருவச் சீட்டுகளின் வசந்தகால விற்பனை தெரியவரும். பங்கு வைத்திருப்பவர்கள் இரண்டைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஈவுத்தொகையில் அமெரிக்கா 25 விழுக்காடு வரியைப் பிடித்துக்கொண்டே அனுப்பும், அதற்கான ஈட்டை இங்கே கோர வேண்டும், வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நிதியாண்டைப் பின்பற்றாமல் சனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைக் கேட்பதால், தரகு நிறுவனத்தின் டிசம்பர் 31 அறிக்கையைத் தனியே சேமித்து வைக்க வேண்டும்.